வேர் மருந்து: வீட்டில் நடக்கும் தவறுகள்

அதிமதுரம், வசம்பு, சுக்கு, சித்தரத்தை, நன்னாரி. இருமலோ வயிற்று உப்புசமோ வந்தால் நம் கை முதலில் போவது இவற்றிடம்தான். அதில் தப்பில்லை. இந்த வேர்களில் பல, அளவோடு நான்கு நாள் எடுத்தால் பெரியவர்களுக்குக் கெடுதல் செய்யாதவைதான். சிக்கல் அளவிலும் நாள் கணக்கிலும் இருக்கிறது.

பழைய முறையில் வேரைக் கல்லில் இழைப்பார்கள். கொஞ்சம் தண்ணீர் தெளித்து, வேரை நுனியில் பிடித்து, இரண்டு சுற்று, மூன்று சுற்று. விரல் நுனியில் ஒட்டும் அளவுக்கு ஒரு விழுது வரும், அவ்வளவுதான் மருந்து. எத்தனை சுற்று என்பதே அளவு. அதிகமாகக் கொடுக்க நினைத்தாலும் கை வலித்துவிடும்! இன்று அதே வேர் தூளாக டப்பாவில் வருகிறது. ஒரு டீஸ்பூன் தூள் என்றால் சுமார் 2 முதல் 3 கிராம். அப்புறம் சத்தை மட்டும் பிரித்தெடுத்த மாத்திரைகள் வேறு. பாட்டி கொடுத்த மருந்துதானே என்று சாப்பிடுகிறோம். பாட்டி கொடுத்த அளவு அது இல்லை.

நாள் கணக்கும் அப்படித்தான். தொண்டை சரியாகும் வரை மூன்று நாள் என்று இருந்தது, இப்போது "எதிர்ப்பு சக்திக்கு" தினமும் காலையில் என்று ஆகிவிட்டது. மருந்தை உணவு மாதிரி எடுத்துக்கொள்வதுதான் என் பார்வையில் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை.

அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இனிப்புக்குக் காரணம் கிளைசிரைசின் என்ற பொருள். நம் சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு நொதி இருக்கிறது. கிளைசிரைசின் அந்த நொதியைத் தடுத்துவிடும். உடனே கார்டிசால், உப்பைத் தேக்கிவைக்கும் வேறொரு ஹார்மோனின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. உப்பும் நீரும் உடம்பில் தங்குகின்றன, பொட்டாசியம் சிறுநீரோடு வெளியேறுகிறது. ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், தசை சோர்ந்து போகும். பொட்டாசியம் ரொம்பவும் இறங்கினால் இதயத் துடிப்பே தடம்புரளும். அமெரிக்காவில் 54 வயதுக்காரர் ஒருவர் அதிமதுரச் சத்து சேர்ந்த மிட்டாயைச் சில வாரங்கள் தினமும் ஒன்றரைப் பாக்கெட் தின்று இதயம் நின்று இறந்தது 2020-ல் மருத்துவ இதழிலேயே பதிவானது.

ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லும் வரம்பு. வேரில் 4 சதவீதம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 கிராம் தூளில் 200 மில்லிகிராம் ஆகிறது. அதாவது இரண்டு டீஸ்பூன் தூளைப் பாலில் கலந்து தினமும் குடிப்பவர் வரம்பைப் போல இரண்டு மடங்கு எடுக்கிறார். தொண்டைக் கரகரப்புக்கு ஒரு சின்னத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது வேறு விஷயம். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மாத்திரையோ சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் அந்தத் துண்டையும் தவிர்ப்பது நல்லது. அழுத்தத்துக்கு மாத்திரை போட்டும் இறங்கவில்லை என்று மருத்துவர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவார். நோயாளி வீட்டில் குடிக்கும் கஷாயத்தைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்.

குழந்தைக்கு வசம்பு கொடுப்பதைப் பற்றி நயமாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. வேண்டாம். விளக்கில் சுட்டுக் கரியாக்கி நாக்கில் தடவும் வழக்கம் பரவலாக இருக்கிறது, பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்கு ஒரு பெயரும் உண்டு. ஆனால் இந்திய வசம்பின் எண்ணெயில் பெரும்பகுதி பீட்டா அசரோன் என்ற பொருள். விலங்குச் சோதனைகளில் அது கட்டிகளை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. சுடும்போது எவ்வளவு போகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று அடுப்படியில் யாராலும் அளக்க முடியாது. மூன்று கிலோ எடையுள்ள உடம்பில் எந்த அளவும் பெரிய அளவுதான். இன்னொன்று, வசம்பைத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். ஒரு வயதுக்குள் தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். உப்புசத்துக்கு வயிற்றை மெல்ல நீவிவிடலாம், ஏப்பம் வரும்வரை தோளில் போட்டுத் தட்டலாம். அழுகை நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

சரி, வாங்கிய வேர் அதே வேர்தானா? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. காய்ந்த வேர்கள் எல்லாம் பழுப்புக் குச்சிகள்தானே. அதிமதுரத்துக்குப் பதில் குன்றிமணிக் கொடியின் வேர் வந்து சேர்வது பழைய கதை. அதுவும் இனிக்கும், வித்தியாசம் தெரியாது. நல்ல அதிமதுரத்தை உடைத்தால் உள்ளே மஞ்சளாக, நார் நாராக இருக்கும். மென்றால் இனிப்பு நாக்கில் நெடுநேரம் நிற்கும். நன்னாரி மெல்லியதாக, கோணல்மாணலாக, கருத்த பழுப்பில் இருக்கும். தோல் குறுக்கே வெடித்திருக்கும், உள்ளே வெளிறிய கட்டை. அதே வாசனையோடு தடித்து, சதைப்பற்றோடு இருந்தால் அது மாகாளிக் கிழங்கு. ஊறுகாய் போடுகிறோமே, அதுதான். சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் நன்னாரி என்று நினைத்து வாங்கியது நன்னாரி இல்லை.

எல்லாக் குழப்பமும் இப்படி லேசாக முடிவதில்லை. செங்காந்தளின் கிழங்கைக் கலப்பைக் கிழங்கு என்பார்கள், கலப்பை மாதிரி வளைந்து இருப்பதால். அதைச் சாப்பிடும் கிழங்கு என்று தவறாக அவித்துத் தின்றவர்கள் உண்டு. அதில் இருப்பது கொல்சிசின் என்ற நஞ்சு. சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் தொடங்கும், அடுத்த சில நாட்களில் எலும்பு மஜ்ஜையும் சிறுநீரகமும் அடிவாங்கும், பிழைத்தவர்களுக்குக் கூடச் சில வாரம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். "இயற்கையானது, பக்கவிளைவு கிடையாது" என்று சொல்பவர்களிடம் எனக்கு இந்தக் கிழங்குதான் நினைவுக்கு வரும். இதைவிட இயற்கையான பொருள் ஏது?

ஈஸ்வரமூலி இன்னொரு வகை ஆபத்து, ஏனென்றால் அது உடனே எதுவும் செய்யாது. பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் பேர் போன வேர். அதில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை மெல்ல மெல்லத் தழும்பாக்கிவிடும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பிலேயே வைத்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் கெட்டது. ஒரு சீன மூலிகை வேருக்குப் பதில் இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் வேர் மாறி வந்துவிட்டதுதான் காரணம். பாம்புக்கடிக்கு வேரை அரைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவது அதைவிடப் பெரிய தவறு. விஷமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

அதனால் தூளாக வாங்காதீர்கள், முழு வேராக வாங்குங்கள். தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. வாங்கியதும் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிவிடுங்கள். பெயரில்லாத டப்பாவில் இருக்கும் வேரை, எவ்வளவு வாசனையாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடலாம். ஆடு மேய்ப்பவர்களுக்கும் காட்டில் வாழ்பவர்களுக்கும் செடியின் பெயரும் உருவமும் தெரியும், ஆனால் அது மட்டும் போதாது, பயன்படுத்தும் முறை தெரிந்தவனே மருத்துவன் என்று ஆயுர்வேத ஆசான் சரகர் சொல்லியிருக்கிறார். நம்மில் பலருக்குப் பெயர் மட்டும்தான் தெரியும், உருவம்கூடத் தெரியாது.

அடுத்தது சுத்தி, அதாவது மருந்துப் பொருளில் உள்ள நஞ்சை நீக்கிச் சுத்தம் செய்வது. கடுக்காய்க்கு அக நஞ்சு, சுக்குக்குப் புற நஞ்சு என்பார்கள். கடுக்காயில் கொட்டையை எடுக்க வேண்டும், சுக்கில் மேல்தோலைச் சீவ வேண்டும். தோல் சீவாமல் அப்படியே இடித்துப் போடுவது பொதுவாக நடக்கிறது. இந்த அளவு சுத்தி வீட்டில் செய்யக்கூடியது. அமுக்கரா கிழங்கைப் பால் ஆவியில் அவித்துக் காயவைப்பதையும் சிலர் பொறுமையாகச் செய்வார்கள். ஆனால் கொடிவேலி வேரைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பது, நாபி என்ற நச்சு வேரைக் கோமியத்திலும் பாலிலும் சுத்தி செய்வது எல்லாம் பயிற்சி பெற்ற வைத்தியர் வேலை. கொடிவேலி பச்சையாகத் தோலில் பட்டாலே கொப்பளிக்கும், உள்ளே போனால் கரு கலையும். நாபியில் உள்ள அகோனிட்டின் மிகச் சிறிய அளவிலேயே இதயத்தை நிறுத்திவிடும். காணொளி பார்த்துச் செய்கிற காரியமா இது? தோல் சீவுவதற்கு மேல் சுத்தி கேட்கிற வேரை அடுப்படிக்குக் கொண்டுவராமல் இருப்பதே மேல்.

கஷாயம் வைப்பதிலும் தவறுகள் உண்டு, இவை உயிருக்கு ஆபத்தில்லை, மருந்துதான் வீணாகும். கடினமான வேரைத் தூளாக்காமல் ஒன்றிரண்டாக இடித்து, பதினாறு பங்கு தண்ணீர் விட்டு, எட்டில் ஒரு பங்காக வற்றவிட வேண்டும் என்பது சார்ங்கதர சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூலின் கணக்கு. திறந்த பாத்திரம், சிறு தீ. நாம் என்ன செய்கிறோம்? ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு குச்சியைப் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட்டு, பலனே இல்லை என்கிறோம். வெட்டிவேருக்கும் நன்னாரிக்கும் நேர்மாறாகச் செய்கிறோம். அவற்றின் குணம் வாசனை எண்ணெயில் இருக்கிறது, அரை மணி நேரம் கொதிக்க விட்டால் அது ஆவியாகி வீடெல்லாம் மணக்கும், டம்ளரில் ஒன்றும் இருக்காது. அவற்றை இடித்து, கொதித்த நீரை ஊற்றி மூடி வைத்தாலே போதும். தண்ணீர்விட்டான் கிழங்கைப் பாலில் காய்ச்சுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. கிழங்கு ஒரு பங்கு, பால் எட்டு, தண்ணீர் முப்பத்திரண்டு, பால் மட்டும் மிஞ்சும் வரை காய்ச்சணும்.

ஒரு தடவை வைத்த கஷாயத்தை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாள் சூடு பண்ணிக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் குடிநீர் எனப்படும் கஷாயத்தின் ஆயுள் ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம்தான். சூரணத்துக்கு மூன்று மாதம். போன வருஷத்துத் தூளைக் கொட்டிவிடலாம்.

அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா, இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. தூக்கத்துக்கு, மன அழுத்தத்துக்கு, உடற்பயிற்சிக்கு என்று ஆளுக்கொரு காரணம். அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைச் சேர்த்துக்கொண்டால் படபடப்பும் எடை இறக்கமும் வரலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. டென்மார்க் 2023-ல் இதைத் தடையே செய்தது. அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான், ஆனால் கர்ப்பிணிகளும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தொடவே கூடாது. வேரில்தான் மருந்து, இலையைச் சேர்க்காதீர்கள் என்று இந்திய ஆயுஷ் அமைச்சகம் 2021-ல் மருந்து தயாரிப்பவர்களுக்கு அறிவுறுத்தியது. அதனால் டப்பாவில் "வேர்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

மஞ்சளும் அப்படித்தான். குழம்பில் போடும் மஞ்சளால் யாருக்கும் எதுவும் ஆகாது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்தைப் பிரித்தெடுத்து, மிளகில் உள்ள பைப்பரினோடு சேர்த்த மாத்திரை வேறு. 1998-ல் நடந்த ஓர் ஆய்வில் பைப்பரின் சேர்ந்தபோது மனித உடலில் குர்குமின் கிரகிப்பு 20 மடங்கு ஏறியது. இதை விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள். கல்லீரலுக்கும் 20 மடங்கு வேலை இருக்கலாம் என்பதைப் போடுவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

அறுவைச் சிகிச்சை என்று தேதி குறித்துவிட்டால் வேர் மருந்துகள் எல்லாவற்றையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள், மயக்க மருந்து கொடுப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கவில்லை என்றால் நீங்களாகச் சொல்லணும்.

வேர் மருந்து சாப்பிட்ட பிறகு வாந்தி, பேதி, வாய் மரத்துப்போதல், படபடப்பு, கண்ணில் மஞ்சள், சிறுநீர் கருத்துப் போவது என்று எது வந்தாலும், முறிவு மருந்து தேடிக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். மருத்துவமனைக்குப் போகும்போது மீதி வேரையும் வாங்கிய உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். "ஏதோ ஒரு மூலிகை" என்று சொன்னால் மருத்துவருக்கு எதையும் தேட முடியாது, கையில் கிழங்கு இருந்தால் எந்த நஞ்சு என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது.