வலி நின்ற பல்லும் மூளைச் சீழும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு வாரம் தூங்கவிடாமல் வதைத்த சொத்தைப் பல் திடீரென்று அமைதியாகிவிட்டால், பல நேரங்களில் உள்ளே இருந்த நரம்பு செத்துப்போயிருக்கிறது என்று பொருள். கிருமி சாவதில்லை. அது வேரின் நுனிவரை இறங்கி, தாடை எலும்புக்குள் சத்தமில்லாமல் சீழ் சேர்த்துக்கொண்டிருக்கும். "வலிதான் போயிடுச்சே, இனி எதுக்கு டாக்டர்?" என்று விட்டுவிடுவதை முதல் தவறாக வைக்கிறேன். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

நம் வாயில் நூற்றுக்கணக்கான பாக்டீரியா வகைகள் குடியிருக்கின்றன. பெரும்பாலானவை சாது. ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இன்டர்மீடியஸ் என்று ஒன்று உண்டு. ஈறு இடுக்கில் இருக்கும்வரை தொந்தரவில்லை. ரத்தத்தில் கலந்து உள்ளே போய்விட்டால் மூளையிலும் கல்லீரலிலும் சீழ்க்கட்டி உண்டாக்கும். ஃபியூசோபாக்டீரியம், பார்விமோனாஸ் போன்ற, காற்றுப் பட்டால் வாழாத கிருமிகளும் இப்படிப் போய்ச் சேர்வதுண்டு. மூளைச் சீழ்க்கட்டி அரிய நோய். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். பல்வலி வந்த எல்லோரும் நடுங்க வேண்டியதில்லை. ஆனாலும் வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இன்றைய சிகிச்சைக்குப் பிறகும் இறந்துபோகிறார்.

"மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" என்ற நம்பிக்கை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. இந்த பயத்தால் அழுகிய மேல் கடைவாய்ப் பல்லைப் பல ஆண்டுகள் வாயிலேயே வைத்திருப்பதில்தான் ஆபத்து. அந்தப் பல்லின் வேர் சைனஸ் அறையை ஒட்டியிருக்கிறது. வேரின் சீழ் சைனஸுக்கும், அங்கிருந்து நெற்றிப் பக்க மூளைக்கும் வழி கண்டுபிடித்துவிடலாம்.

நீலம் பாரிக்கும் இதய நோயோடு பிறந்த குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொரு தவறு நடக்கிறது: "பால்பல்தானே, விழுந்துடும்." ரத்தத்தில் கலந்த கிருமிகளை நுரையீரல் ஒரு வடிகட்டி போலப் பிடித்துவைக்கும். இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு பங்கு நுரையீரலைத் தொடாமலே மூளைக்குப் போகிறது. எனவே பால்பல்லில் வரும் சொத்தையையும் கவனிக்க வேண்டும். பல் மருத்துவரிடம் இதயக் கோளாறை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"காய்ச்சல் இல்லையே" என்று தைரியமாக இருப்பது அடுத்தது. தலைவலி, காய்ச்சல், கை கால் பலவீனம் போன்ற நரம்புக் குறை ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது ஐந்தில் ஒருவருக்குத்தான். காய்ச்சல் மட்டும் என்று பார்த்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வருவதில்லை. நாளுக்கு நாள் கூடும் தலைவலி, பேச்சில் தடுமாற்றம், குணத்தில் மாற்றம், இதுவரை வராதவருக்கு முதன்முதலாக ஃபிட்ஸ்: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ஃபிட்ஸ் வந்தவரின் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, அது நின்றதும் வீட்டுக்குக் கூட்டிப்போய்விடாதீர்கள்.

அங்கே போனதும் பல்லைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. தலைவலிக்கு வந்த இடத்தில் மூன்று வாரம் முந்திய கன்ன வீக்கத்தை எதற்குச் சொல்வது என்று தோன்றும். சொல்ல வேண்டும். ஸ்கேனில் வளையம் போலத் தெரியும் ஒன்று காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம், நாடாப்புழுவின் முட்டையால் வரும் கட்டியாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் வேறுபடுத்திக் காட்டும்; பல்லின் கதை மருத்துவரின் சந்தேகத்தைச் சரியான பக்கம் திருப்பும்.

வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக்கையோ மெடிக்கலில் கேட்டு வாங்கியதையோ இரண்டு நாள் போட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். அரைகுறையாக மருந்து பட்ட சீழை ஆய்வகத்தில் வைத்தால், எந்தக் கிருமி என்று கண்டறியும் அளவுக்கு அது வளராமல் போகலாம். வாய்க் கிருமிகள் ஏற்கனவே ஆய்வகத்தில் வளர்க்கக் கடினமானவை. அப்போது கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையில்தான் பிடிபடும்.

சீழை எடுக்க வேண்டும் என்றதும் "மண்டையைத் திறக்க வேண்டாம், மாத்திரையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று குடும்பமே மறுப்பதும் நடக்கிறது. 1876இல் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மெக்கெவன் என்ற அறுவை மருத்துவர், ஒரு சிறுவனின் மூளையில் சீழ் எங்கே இருக்கிறது என்று ஸ்கேன் இல்லாத காலத்திலேயே கணித்தார். அறுவைக்கு அனுமதி கிடைக்கவில்லை. சிறுவன் இறந்தபின் திறந்து பார்த்தபோது, சீழ் அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. இன்று பெரும்பாலும் மண்டையோட்டில் ஒரு சிறு துளை போட்டு ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார்கள். சிறிய கட்டிகளுக்கு மருந்து மட்டுமே போதுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

அதன்பின் செஃப்ட்ரையாக்சோன், மெட்ரோனிடசோல் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரம் வரை தேவைப்படும். இரண்டாவது வாரம் தலைவலி போய், நோயாளி எழுந்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியதும் ஊருக்குப் போகத் துடிக்காதீர்கள். அப்போது கட்டி உள்ளே முழுதாகச் சுருங்கியிருக்காது. மறு ஸ்கேன் தேதியையும் தவறவிடக் கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: "அந்தப் பல்லை எப்போ எடுக்கப் போறீங்க?" மூளையிலிருந்து சீழை எடுத்துவிட்டு, அது புறப்பட்ட பல்லை வாயிலேயே விட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள்.