பேக்கரி ஓவனுக்குப் புது இக்னிட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

ஓவன் பற்றவில்லை என்றதும், பர்னரில் தீயைப் பற்றவைக்கும் பாகமான இக்னிட்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "இதே மாதிரி ஒன்னு குடுங்க" என்று கேட்பதுதான் வழக்கம். உருவம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கடைக்கு பெங்களூரிலிருந்து பாகம் வர வேண்டியிருந்தால், தவறான பாகம் வந்த அன்று பன்னும் ரொட்டியும் கிடையாது. அதனால் வாங்குவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

முதலில் சிலிண்டர் வால்வை மூடுங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள், ஓவன் கதவைத் திறந்து வையுங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். எனவே கீழே குனிந்து முகர்ந்து பாருங்கள். வாசனை முழுவதும் போன பிறகே பர்னரில் கை வைக்கலாம்.

அடுத்து, உங்கள் ஓவனில் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். பீங்கான் உறைக்குள் கம்பி நீட்டிக்கொண்டு, 'டிக் டிக்' என்று பொறி வந்தால் அது ஸ்பார்க் எலக்ட்ரோடு. ரோட்டரி ஓவனின் டீசல் பர்னரிலும் கேஸ் பர்னரிலும் இருப்பது பெரும்பாலும் இதுதான். பொறியே இல்லாமல் சாம்பல் நிறத் துண்டு ஒன்று பழுத்துச் சிவந்து கேஸைப் பற்றவைத்தால், அது ஹாட் சர்ஃபேஸ் இக்னிட்டர். சில இறக்குமதி ஓவன்களில் இதைப் பார்க்கலாம்.

பழுது உண்மையிலேயே இக்னிட்டரில்தானா? பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். தீ பற்றுகிறது, சில நொடியில் அணைந்து, பர்னரை இயக்கும் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு எரிகிறது என்றால் இக்னிட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு தீயை உணரும் கம்பியிலோ எர்த்திலோ இருக்கலாம். கேஸ் பர்னரில் பொறி விடும் கம்பியும் தீயை உணரும் கம்பியும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். உணரும் கம்பியில் கரி படிந்தாலும், அது பர்னர் உடம்பில் தொட்டாலும் தீ நிற்காது. பல கன்ட்ரோலர்களில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும் இப்படித்தான் ஆகும். கரண்டில் நன்றாக எரிந்து ஜெனரேட்டரில் மட்டும் அணைந்தால், ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இந்தக் கோளாறுகளுக்கு எத்தனை இக்னிட்டர் மாற்றினாலும் பயனில்லை.

பொறியே வரவில்லை என்றால் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். மயிரிழை விரிசல் போதும், பொறி நுனிக்குப் போகாமல் விரிசல் வழியாகவே பர்னர் உடம்புக்குத் தாவிவிடும். விரிசலில் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், எலக்ட்ரோடை மாற்ற வேண்டியதுதான். பீங்கான் நன்றாக இருந்தால், எலக்ட்ரோடுக்கு உயர் மின்னழுத்தம் கொண்டுவரும் ஹெச்.டி. ஒயரையும் அதன் தொப்பியையும் பாருங்கள். சூட்டில் ரப்பர் இறுகி வெடித்திருக்கலாம்.

எலக்ட்ரோடு வாங்கும்போது குறித்துக்கொள்ள வேண்டிய அளவுகள்: பீங்கானின் விட்டம் (வெர்னியரில்), பீங்கானின் நீளம், கம்பி வெளியே நீளும் தூரம், கம்பி வளையும் இடமும் கோணமும், ஒயர் மாட்டும் முனை 4 மி.மீ.யா 6.3 மி.மீ.யா. பர்னரின் பெயர்ப்பலகையையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கம்பியை வளைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால் பீங்கானை ஒட்டிய இடத்தைக் குறட்டால் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் வளையுங்கள். அப்படிப் பிடிக்காமல் வளைத்தால் பீங்கான் உடையும்.

பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மரையும் மாற்றுவதாக இருந்தால் வோல்டேஜோடு நிறுத்திவிடாமல், அதன் பலகையில் உள்ள 'இ.டி.' சதவீதத்தையும் ஒப்பிடுங்கள். குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை சதவீத நேரம் பொறி விடலாம் என்பதன் அளவு அது. ரீசெட்டை அழுத்திக்கொண்டே இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் கருகுவது இதனால்தான்.

ஹாட் சர்ஃபேஸ் வகையில் கணக்கே வேறு. 120 வோல்ட் பாகத்தை 230 வோல்ட்டில் கொடுத்தால் அந்த நொடியே போய்விடும். கேஸ் வால்வோடு தொடரிணைப்பில் இருக்கும் 120 வோல்ட் ஓவன்களில் தட்டை வகை 3.2 முதல் 3.6 ஆம்பியர் இழுக்கும், உருளை வகை 2.5 முதல் 3.0 ஆம்பியர். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடக்கூடாது. இக்னிட்டர் பழசாகும்போது கரண்ட் குறையும், சிவந்து எரிந்தாலும் வால்வு திறக்காது. அதனால் 'எரியுது, நல்லாத்தான் இருக்கு' என்று விட்டுவிடாமல் ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டைக் காட்டும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியரை அளந்து பாருங்கள். புதுசைப் பொருத்தும்போது, சிவந்து எரியும் அந்தச் சாம்பல் நிற சிலிக்கான் கார்பைடு பகுதியில் விரல் படக்கூடாது. கை எண்ணெய் ஒட்டிய இடம் சீக்கிரம் வெடிக்கும்.

ஸ்பார்க் நுனிக்கும் பர்னர் உடம்புக்கும் உள்ள இடைவெளியை மேனுவலில் உள்ளபடி வையுங்கள், பொதுவாக 3 முதல் 4 மி.மீ. வரும். டீசல் பர்னரில் இடைவெளி இரண்டு நுனிகளுக்கும் நடுவே. அந்த நுனிகள் எண்ணெய்த் தெளிப்புக்குள் நீண்டால் கரி படிந்து இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

மாட்டியதும் கேஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். பிறகு கதவைத் திறந்தே வைத்துப் பற்றவையுங்கள். முதல் முயற்சியில் பற்றாவிட்டால் உடனே மறுபடி அழுத்தாமல், ஐந்து நிமிடம் காற்றோட விட்டு அப்புறம் முயலுங்கள்.