"வலிக்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள்

உடம்பில் எங்கேயோ ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று வீட்டில் சொன்னால் உடனே வரும் கேள்வி, "வலிக்குதா?" இல்லை என்றால், "அப்ப கொழுப்புக் கட்டிதான், விடு" என்று பேச்சு முடிந்துவிடும். பல நேரம் அது கொழுப்புக் கட்டிதான், மறுக்கவில்லை. தோலுக்கடியில் மெத்தென்று இருக்கும், விரலால் தள்ளினால் நழுவும், வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆனால் வலியை வைத்து முடிவு கட்டுவதுதான் தப்பு. வேனல் கட்டி விண்விண்ணென்று தெறித்துவிட்டுப் பழுத்து உடைந்து ஆறிவிடும். மார்பகப் புற்றுநோய்க் கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை, வலிக்காததாலேயே ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போய்விடுகிறது.

பார்க்க வேண்டியது வேறு. வளர்கிறதா, கல் மாதிரி கெட்டியாக இருக்கிறதா, அடியோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கிறதா, மேல்தோலையோ மார்புக்காம்பையோ உள்ளே இழுக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும். கை, கால் சதைக்குள் ஆழமாக, 5 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டியும் அப்படித்தான்.

நெறி கட்டுவது நமக்குப் பழகிய விஷயம். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில், பல் சொத்தையானால் தாடைக்குக் கீழே. இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிட்டால் சரி. வடியாமல் கழுத்தில் ஒன்றோடொன்று ஒட்டிய நெறிகளும், சாயங்காலக் காய்ச்சலும், எடைக் குறைவும் சேர்ந்தால் காசநோயாக இருக்கலாம் (காசநோய் நுரையீரலுக்கு மட்டும்தான் வரும் என்று இன்னும் நிறையப் பேர் நினைக்கிறார்கள்). அதைச் சாதாரணக் கட்டி என்று கீறிவிட்டால் மாதக்கணக்கில் ஆறாமல் கசிந்துகொண்டே இருக்கலாம். பெரும்பாலும் ஆறு மாத மாத்திரையில் குணமாகிற நோய் இது, அரசு மருத்துவமனையில் இலவசம்.

அடிவயிற்றுக்குக் கீழே ஒரு வீக்கம், இருமினால் புடைத்து, படுத்தால் மறைகிறதா? அது பெரும்பாலும் கட்டியே இல்லை, குடலிறக்கம். மஞ்சள் சுண்ணாம்புப் பற்றுக்கெல்லாம் அது அடங்காது. உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டு வலியும் வாந்தியும் வந்தால் அன்றைக்கே, நள்ளிரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. விதையில் வலியில்லாத கெட்டியான முடிச்சு தட்டுப்பட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அங்கே வரும் புற்றுநோய் இருபது, முப்பது வயதுக்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது, சீக்கிரம் பிடிபட்டால் ஏறக்குறைய எல்லோருக்குமே குணமாகிவிடுகிறது.

அப்புறம் அந்த ஊசி பயம். "ஊசி குத்தினா பரவிடும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனையைத் தட்டிக்கழிப்பவர்கள் ஏராளம். எந்தக் கட்டிக்கு எங்கே, எப்படி ஊசி குத்த வேண்டும் என்பதற்கு முறை இருக்கிறது. முறைப்படி எடுத்தால் அப்படிப் புற்றுநோய் பரவுவது மிக மிக அபூர்வம். என்ன நோய் என்று தெரியாமலே நாட்களைக் கடத்துவதில்தான் ஆபத்து அதிகம்.

கட்டியை எடுத்தாயிற்று, தையலும் பிரித்தாயிற்று என்று கிளம்பிவிடுகிறோம். எடுத்த சதையைப் பயாப்சிக்கு (என்ன நோய் என்று பார்க்கும் சதைப் பரிசோதனைக்கு) அனுப்பினார்களா என்று கேட்பதில்லை. கேளுங்கள், ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி பத்திரப்படுத்துங்கள். அதே இடத்தில் இன்னொரு முறை வந்தால் டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.