ஆல்ப்ஸ் மலைச்சாலைகள்: மே மாதத்தில் வராதீர்கள், அப்புறம் வேறு சில தவறுகள்

போன வாரம் ஊரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு சுவிட்சர்லாந்துப் பயணத் திட்டம் வந்தது. தூரத்து உறவு. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று கீழே ஒரு வரி. மே 10ஆம் தேதிக்கு எதிரே இப்படி எழுதியிருந்தது: காலையில் மைரிங்கன், அடுத்து கிரிம்செல் கணவாய், ஃபுர்க்கா கணவாய், மதியச் சாப்பாடு ஆண்டர்மாட்டில், சூஸ்டன் கணவாய் வழியாகத் திரும்புதல்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பல வருடங்களுக்கு முன் நானே போட்ட திட்டத்தை யாரோ நகலெடுத்து அனுப்பியதுபோல் இருந்தது. அதே மாதம், அதே கணவாய், அதே நம்பிக்கை.

சுவிட்சர்லாந்துக்கு வேலைக்கு வந்ததிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் இந்தச் சாலைகளில் ஓட்டுகிறேன். விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு போனதே பாதிக்கு மேல் இருக்கும். ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், லைசென்ஸ் மறக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

மே மாதம்

நம் ஊரில் பள்ளி விடுமுறை ஏப்ரலிலும் மேயிலும் வருகிறது. வெயில் கொளுத்துகிறது, குளிர்ந்த இடத்துக்குப் போகலாம் என்று கிளம்புவது நியாயம்தான். ஆனால் ஆல்ப்ஸின் உயரமான கணவாய்களில் பெரும்பாலானவை அப்போது மூடிக் கிடக்கும். கிரிம்செல் 2164 மீட்டர், சூஸ்டன் 2224, ஃபுர்க்கா 2429, நுஃபெனன் 2478. இவை வழக்கமாக மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும், அக்டோபர் வாக்கில் பனி விழுந்ததும் மறுபடி மூடிவிடும். பிரான்சின் இஸெரான் 2764 மீட்டர், இத்தாலியின் ஸ்டெல்வியோ 2757. கதை அங்கேயும் கிட்டத்தட்ட இதேதான்.

நான் மாட்டிக்கொண்டது கிரிம்செலில். இங்கே வந்த பிறகு வந்த முதல் செப்டம்பர் மாதத்தில் தனியாக ஓட்டிப் போய், அணைக்கட்டு ஏரிகளையும் கருங்கல் பாறைகளையும் பார்த்து வாய் பிளந்து நின்றேன். அன்று இரவே, அடுத்த மே மாதம் வரவிருந்த அப்பா அம்மாவுக்காகத் திட்டம் போட்டேன். மைரிங்கனிலிருந்து கணவாயைத் தாண்டி ஓபர்வால்ட் பக்கம் எவ்வளவு நேரம் என்று செயலியில் பார்த்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்றது. பொய் சொல்லவில்லை, அன்றைக்குச் சாலை திறந்திருந்தது. அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு இரவுக்கு அறை போட்டேன், பணம் திரும்பாத வகையில், கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது என்பதற்காக.

மே மாதம். மைரிங்கனில் புல்வெளியெல்லாம் மஞ்சள் பூ, நல்ல வெயில், அப்பா ஸ்வெட்டரைக் கழற்றிப் பின் சீட்டில் போட்டுவிட்டார். குட்டானன் கிராமத்தைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே தடுப்புக் கம்பம். பக்கத்தில் சாலைப் பணியாளர் ஒருவர் வண்டியில் ஏதோ ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் எப்போது திறப்பீர்கள் என்று கேட்டேன். "ஜூனில்" என்றார். அப்பா பின்னாலிருந்து, "எத்தனை மணிக்காம்?" என்றார்.

அங்கிருந்து ஓபர்வால்ட் முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். நாங்கள் போன வழியைக் கேளுங்கள். திரும்பி மைரிங்கன், பிரியன்ஸ் ஏரிக்கரை, இன்டர்லாகன், ஷ்பீட்ஸ், காண்டர்ஸ்டெக். அங்கே காரையே ரயிலில் ஏற்றி லோட்ஷ்பெர்க் சுரங்கம் வழியாக கோப்பன்ஸ்டைன். அதன் பிறகு விஸ்ப், பிரிக், ரோன் பள்ளத்தாக்கில் மேலே மேலே. கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். ரயிலுக்குக் காத்திருந்ததையும் சேர்த்தால் அரை நாள் போனது. அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா சொன்னது: "அந்தப் பக்கம்தானே இந்த மலை? நடந்தே வந்திருக்கலாம்." இன்றுவரை வீட்டில் வழி தவறினால் "ஜூன்ல திறப்பாங்க" என்பதுதான் கிண்டல்.

அறையை விட்டிருந்தால் வாடகை மட்டும் போயிருக்கும், போகாமல் விட்டிருக்கலாமே என்பார்கள். இருபது வருடம் சேர்த்து வைத்த ஆசையோடு வந்தவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது என்னவென்றால், இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "கீழே இருபது டிகிரி காட்டுதே?" என்கிறார்கள். கீழே காட்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். குளிர்காலம் முழுக்கக் கொட்டிய பனி மேலே பல மீட்டர் உயரத்துக்கு இறுகிக் கிடக்கும், அதன் அடியில்தான் சாலை. ஊழியர்கள் முதலில் சாலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மேலே சரிவில் தொங்கும் பனி சரிந்து விழாத நாளாகப் பார்த்து வெட்ட வேண்டும். பாதி வெட்டியதும் மறுபடி பனி விழும். ஆஸ்திரியாவின் க்ரோஸ்க்ளாக்னர் சாலை 1935இல் திறந்தபோது, வசந்தம்தோறும் ஆட்கள் மண்வாரியால் பனியை வெட்டித்தான் வழி எடுத்தார்கள். பிறகு அந்தச் சாலையை வடிவமைத்த பொறியாளர் ஃப்ரான்ஸ் வாலக்கே பனியைக் கடைந்து தூர எறியும் சுழல் இயந்திரத்தையும் வடிவமைத்தார். அவர் பெயர் தாங்கிய அந்த இயந்திரங்கள் 1953இலிருந்து வேலை செய்கின்றன. அவ்வளவு இருந்தும் திறக்கும் தேதியை வானம்தான் முடிவு செய்கிறது.

சரி, மே மாதம்தான் வர முடியும், டிக்கெட்டும் போட்டாயிற்று என்றால்? குளிர்காலத்திலும் திறந்து வைக்கும் கணவாய்கள் சில உண்டு. கிழக்கு சுவிஸில் யூலியர் (2284), பெர்னினா (2328), மலோயா (1815). புயலடித்தால் மட்டும் சில மணி நேரம் மூடுவார்கள். க்ரோஸ்க்ளாக்னர் வழக்கமாக மே தொடக்கத்திலேயே திறந்துவிடும், இரண்டு பக்கமும் பனிச்சுவருக்கு நடுவே ஓட்டுவது தனி அனுபவம். ஆனால் இரவில் மூடிவிடுவார்கள், காருக்கு 40 யூரோவுக்கு மேல் கட்டணமும் உண்டு. மலையே வேண்டாம் என்றால் லௌட்டர்புருனன் பள்ளத்தாக்குக்குப் போங்கள். பனி உருகும் காலம் என்பதால் ஷ்டௌப்பாக் அருவி ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து வீறோடு விழும். ஆகஸ்டில் வருபவர்களுக்கு அந்த வேகம் கிடைக்காது. உறவுக்காரக் குடும்பத்துக்கு இதைத்தான் மாற்றி எழுதி அனுப்பினேன். "கிரிம்செல் ஃபோட்டோ ரொம்ப நல்லா இருந்துச்சே அண்ணா" என்று பதில் வந்தது.

ஜூனுக்குப் பிறகு வந்தாலும் கிளம்பும் காலையில் ஒரு முறை பாருங்கள். கணவாய்களின் நிலையை இணையத்தில் அன்றாடம் போடுகிறார்கள். மலையடிவாரத்தில் பெரிய பலகையும் இருக்கும், கணவாயின் பெயருக்கு எதிரே பச்சையில் 'ஓஃபன்' அல்லது சிவப்பில் 'கெஷ்லோஸன்'. முதலாவது என்றால் போகலாம். இந்த ஒரு ஜெர்மன் சொல் தெரிந்தால் போதும்.

இறக்கத்தில் பிரேக்

வால்பாறையில் 40 கொண்டை ஊசி வளைவு ஓட்டியவர்கள், கொல்லிமலையில் 70 ஓட்டியவர்கள் எல்லோரும் இங்கே வந்து காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். வளைவில் நம்மவர்கள் கெட்டிதான். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கும்போது இரண்டாவது கியரில் வா என்று பலகை வைத்திருப்பார்களே, அந்தப் பாடத்தைத்தான் இங்கே மறந்துவிடுகிறார்கள். வாடகைக் கார் ஆட்டோமேட்டிக். 'டி'யில் போட்டு, பிரேக்கில் கால் வைத்தபடியே ஃபுர்க்காவிலிருந்து ஆயிரம் மீட்டர் கீழே இறங்கி ஆண்டர்மாட் வருகிறார்கள். வாகன நிறுத்துமிடத்தில் கருகிய வாடை அடிக்கும். சாலை வழவழவென்று இருப்பதால் வேகம் தெரியாது, அதுதான் வினை.

பிரேக் சூடேறி, உள்ளே இருக்கும் எண்ணெய் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. ஆட்டோமேட்டிக்கிலும் கியரைக் கையால் குறைக்க ஒரு வழி இருக்கும். வாடகைக்கு எடுக்கும் இடத்திலேயே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹைபிரிட் கார் என்றால் பெரும்பாலும் 'B' என்று ஓர் எழுத்து இருக்கும். எஞ்சின் உறுமட்டும், ஒன்றும் ஆகாது. பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து விடுங்கள், தேய்த்துக்கொண்டே வராதீர்கள். வாடை வந்துவிட்டால் ஒதுக்கி நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். என் நண்பர் ஒருவர் சக்கரத்தில் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார். சுட்ட இரும்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அது ஆனது. பிரேக் தட்டு கோணிப்போய், ஊருக்குத் திரும்பும்வரை ஸ்டீயரிங் நடுங்கிக்கொண்டே வந்தது.

ஒரே நாளில் எல்லாக் கணவாயும்

கிரிம்செல், ஃபுர்க்கா, சூஸ்டன் மூன்றையும் சுற்றி வந்தால் சுமார் 120 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் சென்னையிலிருந்து திண்டிவனம் போகும் தூரம். ஒரு நாள் முழுக்க அதற்கே சரியாக இருக்கும். அதோடு இன்டர்லாகனையும் ஒரு அருவியையும் சேர்க்கிறார்கள். பின் சீட்டில் இருக்கும் பிள்ளைக்கு மூன்றாவது கணவாயில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ரோன் நதி கிளம்பும் பனியாற்றின் அருகே, ஃபுர்க்கா சரிவில், ஒரு மணி நேரம் நில்லுங்கள். பனி உருகுவதைக் குறைக்க வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள், ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோல் இருக்கும். அந்த ஒரு காட்சிக்காகவே மற்ற இரண்டு கணவாயை விடலாம்.

மேகத்துக்குள் டிக்கெட் வாங்குவது

யுங்ஃப்ராவ்யோக் ரயில் நிலையம் 3454 மீட்டரில் இருக்கிறது. கோடையில் முழுக் கட்டணம் ஒரு ஆளுக்கு 200 ஃபிராங்குக்கும் மேல். என் மச்சான் ஒரு வாரம் முன்பே நான்கு பேருக்கு வாங்கி வைத்திருந்தார். அன்று உச்சியில் அவர் பார்த்தது வெள்ளை. முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை. வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பார்த்திருக்கலாம் என்றார்.

பெரிய காட்சி முனைகள் எல்லாவற்றிலும் நேரலைக் கேமரா இருக்கிறது. காலை ஆறரைக்குக் கேமராவைப் பாருங்கள், பிறகு பணம் கட்டுங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடி மழை வருவது சகஜம், ஆகவே பத்து மணிக்குள் மேலே இருப்பது நல்லது. க்ரோஸ்க்ளாக்னரில் 2369 மீட்டர் உயரத்தில் இருக்கும் காட்சி முனையிலிருந்து ஆஸ்திரியாவின் மிகப் பெரிய பனியாறான பாஸ்டெர்ஸே தெரியும். மதியம் போனால் கார் நிறுத்த இடமும் கிடைக்காது.

மஞ்சள் பேருந்து

வளைவுக்கு அப்பால் மூன்று சுரத்தில் ஒரு ஹாரன் கேட்டால் அது அஞ்சல் பேருந்து, சுவிஸ் அஞ்சல் துறை ஓட்டும் பயணிகள் பேருந்து. ரோஸினியின் வில்லியம் டெல் இசையிலிருந்து எடுத்த சுரங்கள். ரசிப்பதற்கு முன் வண்டியை நிறுத்துங்கள். வளைவின் முழு அகலமும் அதற்கு வேண்டும். நீலப் பலகையில் மஞ்சள் கொம்பு வரைந்திருக்கும் சாலைகளில் அந்த ஓட்டுநர் கை காட்டுவதுதான் சட்டம்: பின்னால் போ என்றால் போக வேண்டும். குறுகலான இடத்தில் இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் பொதுவாக இறங்குபவர்தான் பின்வாங்க வேண்டும்.

வளைவில் நிறுத்திப் படம் எடுப்பது

வேண்டாம். இருநூறு மீட்டர் தள்ளி நிறுத்த இடம் இருக்கும்.

பெட்ரோல்

மேலே கிடையாது. கீழேயே போட்டுக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

ஐரோப்பாவின் பாதி மோட்டார் சைக்கிள் அன்றைக்கு மலையில்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை போங்கள்.