காப்பர் டி போட்டவர்கள் அதிகம் செய்யும் தவறுகள்

"எப்போது போட்டது?" என்று கேட்டால், "பெரியவன் பிறந்தப்போ" என்பார்கள். எந்த வகை என்று கேட்டால் பதிலே வராது. என்னைக் கேட்டால், கர்ப்பம் ஆகாமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி விஷயத்தில் இதுதான் முதல் தவறு. அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவதில் இரண்டு வகை உண்டு. 380ஏ 10 வருடம் வேலை செய்யும், 375 வெறும் 5 வருடம்தான். பேச்சில் இரண்டுக்குமே காப்பர் டி என்றுதான் பெயர். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் 10 வருடம் என்றால் நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். போட்ட தேதி, வகை, எடுக்க வேண்டிய வருடம் மூன்றையும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அதை போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், அட்டை எப்படியும் தொலையும்.

பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்வது நல்ல வசதிதான். ஆனால் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிரசவ வலியில் யோசிக்க முடியாது. மாதாந்திர செக்கப்பிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது, "எனக்குப் போட்டிருக்கிறதா?" என்றும் கேளுங்கள். சிலருக்குப் போட்டதே தெரியாமல் இருந்துவிடுகிறது. இப்படிப் பிரசவத்தோடு போட்டது நழுவி வெளியே வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். அதனால் 6 வாரத்தில் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

வெட்கப்பட்டு மறைப்பது இன்னொரு தவறு. துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். தொற்றைக் குணப்படுத்திய பிறகுதான் போடுவார்கள். ரத்தசோகை இருந்தாலும் சொல்லுங்கள், ஏனென்றால் காப்பர் டி போட்டால் மாதவிலக்கில் ரத்தப்போக்கு கூடும்.

முதல் 3 முதல் 6 மாதம் வரை அந்தப் போக்கும் வயிற்றுவலியும் இருக்கும், அப்புறம் பெரும்பாலும் குறையும். இதற்குப் பயந்து அடுத்த மாதமே எடுக்கச் சொல்பவர்கள் உண்டு. தலைசுற்றும் அளவுக்கு ரத்தம் போனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். காய்ச்சலோடு அடிவயிற்றில் வலி என்றால் அன்றே மருத்துவரிடம் போங்கள். நாள் தள்ளிப்போனாலும், "அதான் காப்பர் டி இருக்கே" என்று இருந்துவிடாதீர்கள். கர்ப்பமாவது அபூர்வம்தான், ஆனால் ஆகிவிட்டால் கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பழைய கதையை விடுங்கள், அதற்கு வழியே இல்லை. வெகு அபூர்வமாகக் கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவதுண்டு. காப்பர் டியின் முனையில் இருக்கும் நூல் தட்டுப்படவில்லை என்றால் ஸ்கேன் எடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

நூல் கையில் தட்டுப்படுகிறதே என்று வீட்டிலேயே இழுத்துப் பார்க்காதீர்கள். மருத்துவமனையில் எடுப்பது சில நிமிட வேலைதான். எடுத்த பிறகும் கொஞ்ச நாளைக்கு மருந்து உடம்பில் இருக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். காப்பர் டியில் மருந்து எதுவும் இல்லை, வேலை செய்வது அந்தச் செம்புதான். எடுத்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பிவிடும். விந்தணு உள்ளே 5 நாள் வரைகூட உயிரோடு இருக்கும் என்பதால், குழந்தை வேண்டாம் என்றால் எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஆணுறைக்கு மாறிவிடுங்கள், அல்லது எடுக்கும்போதே புதிதாக ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.