பாதி விலை லேப்டாப்ப செக் பண்ண கதை

போன மாசம் ஆன்லைன்ல ஒரு லேப்டாப் பாதி விலைக்கும் கம்மியா கண்ல பட்டுச்சு, இன்டெல் ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ரேம்னு போட்டிருந்தாங்க, கை பரபரன்னுச்சு, ஆனா அந்த ப்ராசஸர் எத்தனாவது ஜெனரேஷன், அதாவது எந்த காலத்துதுன்னு எங்கயுமே இல்ல. அங்கதான் இடிச்சுச்சு. ஏன்னா 2011ல வந்த ரெண்டாவது ஜெனரேஷன்லயும் ஐ7 இருக்கு, விண்டோஸ் 11க்கு இன்டெல்ல பொதுவா 8வது ஜெனரேஷன்ல இருந்துதான் சப்போர்ட்.

சரின்னு முழு ப்ராசஸர் நம்பர் கேட்டேன், ஐ7க்கு பின்னாடி வர்ற நம்பர்லயே தெரிஞ்சிடும், 8550னா 8, 1165னா 11. பதிலுக்கு "சூப்பர் கண்டிஷன் சார், இன்னிக்கே பணம் போட்டா உங்களுக்குத்தான்"னு வந்துச்சு. கேட்டது ஒண்ணு, சொன்னது ஒண்ணு. அடியில இருக்குற சீரியல் நம்பர் போட்டோ கேட்டேன், இழுத்தடிச்சு அனுப்பினாங்க, அத கம்பெனியோட வாரன்டி பேஜ்ல போட்டா வேற மாடல் காட்டுது! விளம்பர போட்டோவ இமேஜ் சர்ச்ல போட்டேன், அதே மேசை அதே பூந்தொட்டியோட இன்னும் நாலு பேர் விக்கிறாங்க. விட்டுட்டேன்.

அப்புறம் வாங்கினதும் செகண்ட் ஹேண்ட்தான், ஆனா நேர்ல பாத்து. பயாஸ்ல, அதாவது விண்டோஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ்ல, காட்டுற சீரியலும் அடியில ஒட்டியிருந்ததும் ஒண்ணான்னு பாத்தேன், விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம், அதுல டிசைன் கெபாசிட்டியையும் (புதுசுல இருக்க வேண்டிய அளவு) ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியையும் (இப்போ முழுசா ஏறுற அளவு) பக்கத்துல வெச்சு பாத்தா பேட்டரி கொஞ்சம் வயசானதுன்னு தெரிஞ்சுது, அத காட்டியே விலையும் குறைச்சுட்டேன்.