அமெரிக்காவில் பிள்ளையைப் போலீஸ் பிடித்தால்: தர்மபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு

பர்கூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு எம்.எஸ். படிக்கப் போன பையன், ஓசூர் கம்பெனி வழியாக ஆன்சைட் போன மருமகன் என்று நம் பக்கத்தில் அமெரிக்காவோடு தொடர்புள்ள வீடுகள் நிறைய. விசா, ஃபீஸ், பேங்க் லோன் எல்லாம் விசாரித்து அனுப்புகிறோம், போலீஸ் பிடித்தால் என்ன செய்வது என்று மட்டும் அபசகுனம் மாதிரி யாரும் பேசுவதில்லை. ஸ்டேஷன் விவகாரம் என்றால் நமக்குத் தெரிந்த வழி மூன்று: பணிவாக எல்லாவற்றையும் விளக்குவது, தெரிந்தவரைப் பிடிப்பது, எதிர்த்தரப்போடு உட்கார்ந்து பேசி முடிப்பது. மூன்றுமே அங்கே காலை வாரிவிடும்.

முதலில் வண்டி. தொப்பூர் பக்கம் போலீஸ் கை காட்டினால் நாம் இறங்கி, ஆர்.சி. புக்கோடு அவரிடம் நடந்து போவோம், அதுதான் மரியாதை. அங்கே பின்னால் விளக்கு சுழன்றால் ஓரங்கட்டிவிட்டு, இறங்காமல், இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். லைசென்ஸ் எடுக்கக் கையை நகர்த்துவதானாலும் சொல்லிவிட்டுத்தான், ஏனென்றால் துப்பாக்கி எடுக்கிறானோ என்பது அவர் பயம். வண்டியைச் சோதிக்கச் சம்மதம் கேட்டால் மறுக்கலாம், அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் அதற்குத்தான் இருக்கிறது. தகுந்த காரணம் இருக்கிறதென்று சொல்லி அவர்களே சோதித்தால் தடுக்கப் போகாதீர்கள், அது சரியா தப்பா என்று வக்கீல் கோர்ட்டில் கேட்டுக்கொள்வார். பணம் நீட்டும் நினைப்பே வேண்டாம், அது தனி கேஸ்.

கைது செய்துவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இது திமிராகத் தெரியும், அங்கே ஐந்தாவது திருத்தம் கொடுத்த உரிமை. காவலில் வைத்து விசாரிக்கும் முன் இந்த உரிமையையும் வக்கீல் உரிமையையும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 1966-ல் மிராண்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லாமல் விட்டால் கேஸே உடைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, பெரும்பாலும் அந்த விசாரணையில் சொன்னதைத்தான் சாட்சியமாக வைக்க முடியாது. அப்புறம், சும்மா மௌனமாக இருந்தாலும் போதாது, உரிமையைப் பயன்படுத்துகிறேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று 2010-ல் தீர்ப்பு வந்தது. ‘வக்கீலிடம் பேசணுமோ என்னவோ’ என்று இழுத்தால் அது கேட்டதாகவே ஆகாது, 1994-ல் ஒருவர் அப்படிச் சொல்லித்தான் தோற்றார். அதனால் பிள்ளைக்கு இந்த இரண்டு வாக்கியத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்: ‘ஐ வாண்ட் எ லாயர். ஐ வில் ரிமைன் சைலன்ட்.’ பெயரைச் சரியாகச் சொல்லலாம், பொய் மட்டும் கூடாது; மத்திய அரசு அதிகாரியிடம் பொய் சொன்னால் அதற்கே 5 வருஷம் வரை தண்டனை உண்டு. ஆனால் போலீஸ் ‘உன் ரூம்மேட் எல்லாத்தையும் சொல்லிட்டான்’ என்று பொய் சொல்லி விசாரிக்கலாம், அதைக் கோர்ட் பொதுவாக ஏற்றுக்கொள்கிறது!

ஜெயிலிலிருந்து போன் வந்தால் நம் வாயில் முதலில் வருவது ‘ஏன்டா இப்படிப் பண்ணுன?’ தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த போன்கள் பொதுவாகப் பதிவாகின்றன. ‘ஏதோ புத்தி கெட்டு எடுத்துட்டேன்மா’ என்று அவன் அழுதால், தமிழில் அழுதாலும் மொழிபெயர்த்துக் கோர்ட்டில் வைப்பார்கள். எந்த ஜெயில், வக்கீல் வந்தாரா, சாப்பிட்டானா, அவ்வளவுதான் பேச வேண்டும்.

இங்கே 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே வாரண்ட் இல்லாமல் பிடித்தால், கைதுக்குக் காரணம் இருக்கிறதா என்று பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதிபதி பார்க்க வேண்டும். ஜாமீன் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல இடங்களில் ஜாமீன் ஏஜெண்டுக்கு, கோர்ட் கேட்கும் தொகையில் சுமார் 10 சதவீதம் கட்டினால் வெளியே எடுப்பார், அந்தக் காசு திரும்பாது. இல்லினாய்ஸில் 2023-லிருந்து பண ஜாமீனே கிடையாது. காசில்லாதவருக்கு அரசு வக்கீல் உண்டு. ஃப்ளோரிடா ஜெயிலிலிருந்து கிடியன் என்ற கைதி பென்சிலால் எழுதிப் போட்ட மனுவில் 1963-ல் கிடைத்த தீர்ப்பு அது. ஓசி வக்கீல்தானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம், தினமும் அதே கோர்ட்டில் நிற்கிறவர்.

நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் சின்னக் கேஸ்தான். சூப்பர் மார்க்கெட்டில் தானே பில் போடும் மெஷினில் இரண்டு பொருளை ஸ்கேன் செய்யாமல் விடுவது, குடித்துவிட்டு ஓட்டுவது. அங்கே பெரும்பாலான தண்டனைகள் விசாரணை நடந்து வருவதில்லை, குற்றத்தை ஒப்புக்கொண்டு பேரம் பேசி முடிப்பதில்தான் வருகின்றன. ‘ஃபைன் கட்டிட்டு வந்துடுறேன்’ என்று தலையாட்டினால் கேஸ் முடியும், விசா போகலாம். திருட்டு என்றால் நாடுகடத்தல் வரைகூட இழுக்கும். ஒப்புக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று எச்சரிப்பது வக்கீலின் கடமை என்று 2010-ல் படில்லா வழக்கில் தீர்ப்பு இருக்கிறது, அதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. குடியேற்றக் கோர்ட்டுக்குப் போனால் பொதுவாக இலவச வக்கீல் கிடையாது.

புருஷன் பெண்டாட்டி சண்டையில் 911-க்கு (அங்கே போலீஸை அழைக்கும் அவசர எண்) போன் போனால் கதையே வேறு. இங்கே மகளிர் ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பேசி அனுப்புவதைப் பார்த்திருப்போம். அங்கே வழக்கு நடத்துவது அரசு, மனைவியே வேண்டாம் என்றாலும் நிற்காது. ‘அவளை வாபஸ் வாங்கச் சொல்லுங்க சம்பந்தி’ என்று இங்கிருந்து போன் போடுவது மனைவியைத் தொடர்பு கொள்ளக் கூடாது என்று கோர்ட் போட்ட தடையை மீறியதாகவோ சாட்சியைக் கலைப்பதாகவோ போய் முடியலாம்.

இந்தியத் தூதரகத்துக்குச் சொல்லுங்கள் என்று பிள்ளையே கேட்க வேண்டும். நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன், சான் பிரான்சிஸ்கோ, அட்லாண்டா, சியாட்டிலில் துணைத் தூதரகங்கள் உண்டு. விடுவிக்க அவர்களால் முடியாது, வக்கீல் பட்டியல் வாங்கலாம், வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொல்லலாம்.

‘உங்க பையன் அரெஸ்ட், உடனே பணம் அனுப்புங்க’ என்று போன் வந்தால் அனுப்பிவிடாதீர்கள், ஏமாற்றுக்காரர்களும் இப்படித்தான் பேசுகிறார்கள். பல கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஜெயில்களின் இணையதளத்தில் கைதி பெயரைப் போட்டுத் தேடலாம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருந்தால் ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தில் அப்பா பெயரைப் போடுங்கள், பையன் பெயரைப் போட்டால் ஆளே இல்லை என்று காட்டலாம்.